அந்தப் பொட்டலத்தை எடுத்தது யாருலே?

ஏல, ரெண்டு பேரும் அந்தக் கத்தலைக் கொஞ்சம் நிறுத்துங்கலே. தெருவுல போறவன் பாகப்பிரிவினைத் தகராறுன்னு நெனைச்சு மத்தியஸ்தம் பண்ண உள்ள வந்துரப் போறான். பாகப்பிரிவினைன்னாலும் ஒரு அர்த்தம் உண்டு. ஆளுக்கு நாலு சென்ட் நெலமாவது மிஞ்சும். ஜப்பான்காரன் செஞ்ச கேம்ல கதை ஒசத்தியா, வெள்ளக்காரன் செஞ்ச கேம்ல கதை ஒசத்தியான்னு பனியனைக் கிழிச்சுக்கிட்டா என்னத்த மிஞ்சும்? பனியனும் மிஞ்சாது.

சண்டை போடாதன்னு சொல்லுத ஆளு இல்ல நான். போடத் தெரியாமப் போடுதியளேன்னுதான் வருத்தம். லீவு விட்டதுல இருந்து உங்க பொறத்தால கட்டில்ல கெடந்து, அந்த டிவியில ஓடுத அம்புட்டையும் பாத்துட்டுத்தான் கெடக்கேன். கெழவன் தூங்குதான்னு நெனைச்சு நீங்க செஞ்ச காரியத்தையும் பாத்துட்டுத்தான் கெடக்கேன். அந்தச் சோலிக்குப் பொறவு வாரேன். வெளங்காததை உங்க அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன். இந்த வேசங்கட்டி ஆடுத ஆட்டம், உங்க பாசையில ஆர்பிஜி, அதை உங்க ரெண்டு பேரையும் விட அவ கூட ஆடினவ. அதனாலதான் வாயைத் தொறக்க மாட்டேங்கா.

முதல் வழி சொல்லுதேன், கேட்டுக்கோங்க. வாதத்துல ஜெயிக்கணும்னா எந்த ஆட்டத்தையும் கடைசி வரைக்கும் ஆடிராதிய. ஆடி முடிச்சவனுக்குச் சந்தேகம் வந்துரும். 'இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்'பான். அந்த மாதிரி இழுக்கவன் எந்தச் சபையிலயும் தேற மாட்டான். பேரு மட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டாப் போதும். 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'னு மெதுவாச் சொல்லணும், சொல்லிட்டு ஒரு பெருமூச்சு விடணும். 1999-ல பிளாக் ஐல்ங்கிற கூட்டம் செஞ்ச ஆட்டம். பொணக்கெடங்கு மேசையில ஒருத்தன் முழிக்கான். பேரு தெரியாது, ஊரு தெரியாது, செத்தாலும் திரும்ப எந்திரிச்சுருவான். மறதி வரும்னு தெரிஞ்சு முன்னாடியே முதுகுல பச்சை குத்திச் சேதி எழுதி வச்சிருக்கான். பக்கத்துல அந்தரத்துல மெதக்குத மண்டையோடு ஒண்ணு ஓயாம வாயடிக்கு. அந்த ஆட்டத்துல கத்தியை உருவினா கெடைக்கதை விட வாயைத் தொறந்தா கெடைக்கது அதிகம். கடைசித் தகராறைக் கூடப் பேசியே தீக்கலாம். வந்த காலத்துல பெரிசா விக்கல. இன்னைக்கு அதைப் பத்திப் பெருமூச்சு விடுதவனெல்லாம் அன்னைக்கே ஆளுக்கு ஒண்ணு வாங்கியிருந்தா, அந்தக் கம்பெனிக்காரன் கால் மேல கால் போட்டே காலத்தை ஓட்டியிருப்பான்.

ரெண்டாவது வழி: எதிராளி எந்த வருசத்தைச் சொன்னாலும் நீ அதுக்கு முந்தின வருசத்துக்குப் போயிரு. அவன் 2023-ல வந்த 'பால்டர்ஸ் கேட் 3'ம்பான். நீ, 'ஏம்ப்பா, 1998-ல முதல் பாகம் வந்தப்ப நீ பொறந்திருந்தியா'ன்னு கேளு. அவன் சுதாரிச்சு 1986-ல என்னிக்ஸ் போட்ட 'டிராகன் குவெஸ்ட்'டைத் தூக்குனான்னா, நீ 1981-க்குத் தாவு. அமெரிக்காவுல 'அல்டிமா'வும் 'விஸார்ட்ரி'யும் வந்த வருசம். அதுகளை ஆடி மயங்கித்தான் யூஜி ஹோரி 'டிராகன் குவெஸ்ட்' செய்ய உக்காந்தாரு. அதுக்கும் அவன் அசரலைன்னா 1974-க்குப் போயிரு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு அமெரிக்காக்காரங்க 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' கொண்டாந்த வருசம். அங்க கரண்டே தேவையில்ல. மேசையைச் சுத்தி நாலு பேரு, பேப்பர், பென்சில், இருபது மொகம் வச்ச பகடை, கதையை நடத்த ஒருத்தன், அவ்வளவுதான். இந்த இடத்துக்கு வந்தாச்சுன்னா எதிராளிக்கு இறங்க வேற படி கெடையாது.

பெரியவனே, ஒரு நிமிசம் இங்க நில்லு. ஜப்பான் கதைதான் கதைன்னு நெஞ்சைத் தட்டுதியே, அந்தக் கதைக்குத் தாத்தா அமெரிக்காவுல இருக்கான். சின்னவனே, நீ சிரிக்காத. நீ கும்பிடுத 'பால்டர்ஸ் கேட் 3' செஞ்ச லாரியன் கம்பெனி பெல்ஜியத்துல கெண்ட் ஊருல இருக்கு, 'விட்சர்' செஞ்சவன் போலந்து, 'டிஸ்கோ எலீசியம்' செஞ்சவன் எஸ்டோனியா. எல்லாரையும் 'வெஸ்டர்ன்'னு ஒரே சாக்குல அடைச்சுட்டுப் பெருமை பேசுதிய. அந்த ஊர்க்காரங்க கேட்டா உங்களை ஏசுவாங்க.

மூணாவது வழி: கதையைப் பத்தி ஒண்ணும் சொல்லத் தோணலைன்னா, 'முடிவு சரியில்ல'ன்னு சொல்லிரு. அது எந்தக் காலத்துக்கும் கைகொடுக்கும். ஆனா அதைச் சொல்லுததுக்கும் ஒரு லட்சணம் இருக்குலே. 2012-ல கனடாக்காரன் பயோவேர் 'மாஸ் எஃபெக்ட்'டோட மூணாம் பாகத்தைக் கொண்டாந்தான். மூணு பாகமா, நீ எடுக்குத முடிவுதான் உன் கதைன்னு சொல்லிச் சொல்லியே ஆடுதவனை வளத்துட்டான். கடைசியில செவப்பு, பச்சை, நீலம்னு மூணு நெறத்துல வெளிச்சத்தைக் காட்டி அனுப்பிட்டான்னு அம்புட்டுப் பேருக்கும் ஆத்திரம். கொடும்பாவி கொளுத்துனாவளா? இல்ல. துட்டு சேத்து 402 கப்கேக் வாங்கி, மூணு நெறத்துல கிரீம் தடவி, அந்தக் கம்பெனிக்கே அனுப்பி வச்சாங்க. நெறந்தான் மூணு; கடிச்சுப் பாத்தா எல்லாமே வெனிலா. பாயிண்டு புரியுதா? அந்த ஜூன் மாசமே கம்பெனிக்காரன் முடிவை நீட்டி, காசு வாங்காம வெளியிட்டுட்டான். கெட்ட வார்த்தை ஒண்ணு கூட இல்லாம இப்படி ஏசுத கலையை நீங்க முதல்ல படிங்க. நேத்து ராத்திரி பெரியவன் ஏசுனதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் கொரைக்கதை நிறுத்திட்டு.

நாலாவது வழி: வெளங்கலைன்னா, 'ஆழமா இருக்கு'ன்னு சொல்லணும். 2011-ல வந்த 'டார்க் சோல்ஸ்' அதுக்குத் தோதானது. யாரு ராசா, யாரு எதிரி, எதுக்கு இந்த ஊரு இப்படி இருண்டு போச்சுன்னு ஒருத்தனும் நேராச் சொல்ல மாட்டான். கதையை மோதிரத்துலயும் துருப்பிடிச்ச வாளுலயும் ரெண்டு ரெண்டு வரியா எழுதிப் போட்டிருக்கான். நாமதான் பொறுக்கிக் கோக்கணும். செஞ்ச மியாசாக்கி சின்னப் பையனா இருந்தப்போ, பாதி புரியாத இங்கிலீசுக் கதைப் புஸ்தகங்களை எடுத்து, புரியாத எடத்தைத் தன் கற்பனையால நெரப்பி வாசிப்பாராம். அந்தச் சுகத்தைத்தான் மத்தவனுக்கும் வச்சிருக்காரு. இது நல்ல விசயந்தான். ஆனா சின்னவனே, நீ அந்த மோதிரத்தை வாசிக்காம வித்துட்டல்லா? வித்துட்டுப் போயி ஆழம் ஆழம்னா எப்படி? கெணத்தை எட்டிப் பாக்காமலே தண்ணி மட்டம் சொல்லுதவன் நீ.

இந்த நாலு வழியும் தெரிஞ்சா ஊர்ச் சண்டையில ஜெயிக்கலாம். ஆனா ஜெயிச்சவன் அறிவாளின்னு அர்த்தம் இல்ல. 1998-ல 'ஃபால்அவுட்'டோட ரெண்டாம் பாகம் வந்திச்சு. அதுல உன் ஆளுக்கு அறிவுப் புள்ளியை அடிமட்டத்துல வச்சா, அவனால வாக்கியம் பேச முடியாது. 'ஆ, ஊ'ன்னுதான் சத்தம் வரும். ஆனா ஒரு ஊருல டார்னு ஒரு மந்தபுத்திக்காரன் மாடு மேய்க்கான். அவன்கிட்ட போனா மட்டும் ரெண்டு பேரும் பெரிய பண்டிதன் மாதிரிப் பேசிக்கிடுதானுவ. ஒருத்தன் பேச்சு ஒருத்தனுக்கு அம்புட்டு அழகா வெளங்குது. சின்னவனும் பெரியவனும் வாதம் பண்ணும்போது அக்கா ஏன் சிரிக்கான்னு கேட்டியளே, இதுதான் காரணம்.

சரி, வெளையாட்டை விடுவோம். கொஞ்சம் நேராப் பேசுவோம்.

பெரியவன் கட்சி என்ன? கதைன்னா சொல்லுதவன் சொல்லணும், கேக்கவன் கேக்கணும். அப்பத்தான் கண்ணுல தண்ணி வரும். அதுக்கு அவன் காட்டுத சாட்சி 1997-ல வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7'. முதல் சிடி முடியப் போற நேரத்துல ஏரித்துங்கிற பிள்ளையை வில்லன் செஃபிரோத் வாளால குத்திருதான். உன்னால ஒண்ணும் செய்ய முடியாது. அவளைத் திரும்பப் பொழைக்க வைக்க ஒரு குறுக்கு வழி இருக்குன்னு ஊரெல்லாம் வதந்தி கெளம்பி, வருசக்கணக்கா எத்தனையோ பயலுவ அதைத் தேடி அலைஞ்சிருக்கானுவ. நம்ம பக்கம் கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டுல முத்துப்பட்டன் சாவுதான். ஒருத்தனாவது வில்லுக்காரர்கிட்ட போயி, 'அண்ணாச்சி, அவனைப் பொழைக்க வைக்க ஏதும் குறுக்கு வழி உண்டுமா'ன்னு கேட்டிருக்கானா? கேக்க மாட்டான். ஏன்னா, பாட்டு கேட்டவன் முத்துப்பட்டனுக்கு அரிவாள் எடுத்துக் கொடுக்கல. இந்தப் பயலுவ ஏரித்துக்குக் கோல் வாங்கிக் கொடுத்தவனுவ, மருந்து கொடுத்தவனுவ, மணிக்கணக்கா சண்டைக்குக் கூட்டிட்டுப் போயிப் பழக்குனவனுவ. அடுத்த சண்டையில அவ நின்ன எடம் காலியா இருக்கு. அழுகை வந்தது கதையால மட்டும் இல்லலே. பாடுபட்டது வீணாப் போச்சேங்கிற தவிப்பால.

சின்னவன் கட்சி என்ன? கதைன்னா நாமளே முடிவெடுக்கணும், அதான் சுதந்திரம். அவன் காட்டுத சாட்சி 2015-ல வந்த 'விட்சர் 3'. அதுல ஒரு குடிகாரப் பிரபு. பெண்டாட்டியை அடிச்சு வெரட்டுனவன், இப்ப அழுதுக்கிட்டுத் தேடச் சொல்லுதான். ஒரு மரத்தடியில அடைபட்டுக் கெடக்குத ஆவியை நீ அவுத்து விட்டா, அனாதைப் பிள்ளைக பொழைக்கும். ஆனா அந்தப் பொம்பளை செத்துருவா, பிரபு தூக்குல தொங்கிருவான். ஆவியைக் கொன்னா பிள்ளைக போயிரும்; புத்தி பேதலிச்ச பெண்டாட்டியைக் கூட்டிட்டு அவன் வைத்தியம் தேடிப் போவான். எதைச் செஞ்சாலும் ஒரு வீட்டுல எழவு உண்டு. இது சுதந்திரமாலே? சுதந்திரம்னா சந்தோசமா இருக்கணுமே, நீ ஏன் அன்னைக்கு ராத்திரி கண்ட்ரோலரை வச்சிட்டு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கெடந்த?

ரெண்டு கட்சியும் ஒரே எடத்துலதான் வந்து நிக்கு. கதையை எழுதினவன் எவ்வளவு பெரிய ஆளுங்கிறது பொறத்தால. நீ செஞ்சதுக்கு அந்த ஆட்டம் ஒரு பதில் சொல்லுதா, இல்லையா? அதுதான் கேள்வி. புஸ்தகத்துலயும் சினிமாவுலயும் எம்புட்டு நல்ல கதை வேணும்னாலும் கெடைக்கும். நீ யாரும் பாக்கலைன்னு செஞ்ச காரியத்தைக் கணக்கு வச்சுக்கிட்டு, பொறவு நிறுத்திக் கேக்க, இந்த மாதிரி ஆட்டத்தாலதான் முடியும்.

1985-ல ரிச்சர்ட் கேரியட் 'அல்டிமா 4' செஞ்சாரு. அதுல கடைசியில கொல்லுததுக்குன்னு ஒரு அசுரன் கெடையாது. எட்டு நல்ல கொணம் உனக்கு வரணும், அதான் ஆட்டமே. மூலிகை விக்குத கடையில இருக்கவளுக்குக் கண்ணு தெரியாது. வெலையை அவ சொல்லுவா. எவ்வளவு காசு வைக்கணும்னு நீதான் முடிவு பண்ணணும். கொறைச்சு வச்சாலும் வாங்கிக்கிடுவா. ஒண்ணும் சொல்ல மாட்டா. புத்திசாலித்தனம்னு நெனைச்சு ஒவ்வொருத்தனும் கொறைச்சு வச்சான். பொறவு பாத்தா நேர்மைங்கிற கொணம் வளரவே மாட்டேங்கு. கடைக்காரிக்குத்தான் கண்ணு தெரியாது; கணக்கு எழுதினவனுக்குத் தெரியும்லா?

அதுக்குப் பத்து வருசம் கழிச்சு ஜப்பான்ல 'குரோனோ டிரிகர்'. 'ஃபைனல் ஃபேன்டசி' சகாகூச்சி, 'டிராகன் குவெஸ்ட்' ஹோரி, 'டிராகன் பால்' படம் வரைஞ்ச தோரியாமா, மூணு பெரிய கையும் ஒண்ணாச் சேந்து செஞ்சது. தொடக்கத்துல ஒரு திருவிழா. ஒரு பொண்ணு மேல முட்டிக்கிட்டு விழுந்துருதிய. பொறவு விழாவுல சுத்திப் பாக்கலாம். பூனையைத் தொலைச்ச ஒரு சின்னப் பிள்ளை அழுதுக்கிட்டு நிக்கு. ஒரு ஆளோட சாப்பாட்டுப் பொட்டலம் கேக்க நாதியில்லாமக் கெடக்கு. எடுத்துத் தின்னா ஒரு சத்தமும் இல்ல, உடம்புக்குத் தெம்புதான் ஏறுது. எல்லாத்தையும் மறந்து கொஞ்ச தூரம் போன பொறவு உன்னைப் பிடிச்சுக் கூண்டுல ஏத்துதான். 'விழுந்த பொண்ணை முதல்ல தூக்குனியா, அவ சங்கிலியை முதல்ல எடுத்தியா? சாப்பாட்டைத் திருடுனியா?' சாட்சி ஒவ்வொண்ணா வருது. பூனையைக் கொண்டுபோயிக் கொடுத்திருந்தா அந்தப் பிள்ளை உனக்காகப் பேசுது. இதுல பெரிய வேடிக்கை, குத்தமில்லைன்னு தீர்ப்பு வந்தாலும் மந்திரி உன்னை உள்ள தள்ளிருவான்! தீர்ப்பு மாறி என்ன பிரயோசனம்னு கேக்கியா? பெரிசா ஒரு பிரயோசனமும் இல்லலே. ஆனா அன்னைக்குக் கூண்டுல நின்னவனுக்குப் பொறவு எந்த ஆட்டத்துலயும் பொட்டலத்தைப் பாத்தாக் கை கூசும்.

2011-ல வந்த 'ஸ்கைரிம்'ல கிராமத்துக் கோழி ஒண்ணை அடிச்சுப்போட்டா, ஊரே கோடாலியைத் தூக்கிட்டு வருது. நம்ம ஊரு நியாயந்தான், எனக்குப் பிடிச்சுது. ஆனா கடைக்காரன் தலையில வாளியைக் கவுத்துட்டு, அவன் கண்ணு முன்னாலயே கடையைத் தொடைச்சு எடுத்துட்டுப் போகலாம். வாளிக்குள்ள இருக்கவனுக்குத் தெரியாதாம். மலையளவு உலகத்தைக் கட்டினவனுக்கு ஒரு வாளியைச் சமாளிக்கத் தெரியல. அங்கதான் கதை ஓட்டையாப் போச்சு.

இன்னொரு தந்திரம் உங்களுக்குப் பழக்கம். தப்பான முடிவு எடுத்துட்டா, பழைய சேவை லோடு பண்ணி உத்தமனாயிருதிய. அதுக்கும் ஒருத்தன் மருந்து வச்சிருக்கான். 2015-ல டோபி ஃபாக்ஸ் செஞ்ச 'அண்டர்டேல்'ல ஒருத்தரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். ஆரம்பத்துல உன்னை வளத்த தாய் மாதிரி ஒருத்தியைக் கொன்னுட்டு, மனசு பொறுக்காமத் திரும்ப வந்து பொழைக்க வச்சியன்னா, ஒரு பூச்செடி மூஞ்சிக்கு நேரா வந்து, 'நீ என்ன செஞ்சன்னு எனக்குத் தெரியும்'ங்கிற மாதிரிச் சிரிக்கும். சேவ் அழிஞ்சாலும் செஞ்சது அழியாது. செடிக்கு இருக்குத ஞாபகம் உங்களுக்கு இல்ல.

அதனால என் ரோசனை இதுதான். இனிமே 'எது ஒசத்தி'ன்னு எவனாவது ஆரம்பிச்சா, அவன் முதல்ல அந்த ஆட்டத்துல தான் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லணும். கதைச் சுருக்கம் வேண்டாம், மார்க்கு வேண்டாம், யாரு எழுதினா எத்தனை விருதுங்கிற வெவரமும் வேண்டாம். நீ என்ன செஞ்ச, அது உன்னை என்ன கேட்டுச்சு? சொல்ல ஒண்ணும் இல்லைன்னா அது வெறும் படம். பத்து நிமிசத்துல பேசி முடிச்சிரலாம். சொல்லக் கூச்சமா இருந்தா, அது நல்ல கதை. அதுக்கு மேல சண்டை எதுக்கு?

அப்ப ஆரம்பிப்போமா? பெரியவனே, அந்தத் திருவிழாவுல பொட்டலத்தை எடுத்தது நீதான். எடுத்ததோட இல்லாம, 'யாரும் பாக்கல'ன்னு சத்தமா வேற சொன்ன. சின்னவனே, வாளியைக் கவுத்தது நீ. ஒண்ணுல்ல, அந்த ஊருல இருந்த கடைக்காரன் அம்புட்டுப் பேரு தலையிலயும். கெழவன் கண்ணை மூடியிருந்தாத் தூங்குதான்னு அர்த்தமா?

அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்னு பாக்கியளோ? வேண்டாம். 'பால்டர்ஸ் கேட் 3'ல பொணத்துக்கிட்ட மந்திரம் போட்டுப் பேசலாம். ஆனா கொன்னவன் வந்து கேட்டா அந்தப் பொணம் வாயைத் தொறக்காது, மாறுவேசம் போட்டுத்தான் வரணும்னு அவதான் எனக்குச் சொன்னா. அது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கொஞ்சம் ரோசிச்சுப் பாருங்க.